திரும்பி வந்த நாலாவது நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாலு பேர் நாங்கள். இப்போது எல்லோருக்கும் 47, 48 வயது. ‘ஒரு தடவை சேர்ந்து எங்கேயாவது போகணும்’ என்று பேசிப் பேசியே இருபது வருடம் ஓடிவிட்டது. போன மாதம் ஒருவழியாக மூன்று நாள் போய் வந்தோம். கணவர், பிள்ளைகள் யாரும் இல்லாமல், நாங்கள் மட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் மாதிரி நான் வேலை செய்ததே இல்லை. எந்த மருந்து எந்த டப்பாவில், யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு, எந்த பில் என்றைக்குக் கட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ‘போயிட்டு வா’ என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரியே இருந்தது.

போன இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதல் ராத்திரி முழுக்க ஒருத்தியின் வீட்டுப் பிரச்சினை, அடுத்த ராத்திரி இன்னொருத்தியுடையது. நான் பாதியில் தூங்கிவிட்டேன். மூன்றாமவள் எதற்கெடுத்தாலும் குறை சொன்னாள். அவளை இப்போது எனக்குப் பிடிக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. திரும்பி வந்த நாலாவது நாள் பழைய களைப்பு அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வருடத்துக்கு இப்போதே தேதி குறிக்கச் சொல்கிறார்கள். ‘புத்துணர்ச்சி’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? போகட்டுமா, வேண்டாமா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

நாலாவது நாள் வரை தாங்கியது என்றால் உங்களுக்குப் பரவாயில்லை. எனக்கெல்லாம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே வந்துவிடும்.

இதில் நம் குறை ஒன்றும் இல்லை. விடுமுறைகளைப் பற்றி ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். அதுவரை வந்திருந்த ஆய்வுகளை 2009-ல் அவர்கள் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: விடுமுறையால் உடம்பும் மனசும் கொஞ்சம் தேறுகின்றன, ஆனால் வேலைக்குத் திரும்பிய இரண்டு மூன்று வாரத்தில், மிஞ்சிப்போனால் நாலு வாரத்தில், அது கரைந்துவிடுகிறது. பிறகு அவர்கள் நேரடியாகச் செய்த ஓர் ஆய்வில் அந்தத் தேறுதல் முதல் வாரத்தையே தாண்டவில்லை. அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் கதையே இப்படி. வீட்டு வேலைக்கோ விடுமுறையும் கிடையாது, ‘திரும்பிய நாள்’ என்றும் ஒன்று கிடையாது. நீங்கள் இல்லாத மூன்று நாளின் வேலை உங்களுக்காகவே பத்திரமாகக் காத்திருக்கும்.

அலமாரிக் கதவில் ஒட்டிய காகிதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் அதுதான். அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் தனித்தனியாகப் பேசி 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டில் மூளையால் செய்கிற வேலையை அவர் நாலாகப் பிரிக்கிறார். என்ன தேவைப்படப் போகிறது என்று முன்கூட்டியே யோசிப்பது, அதற்கு என்னென்ன வழி உண்டு என்று தேடுவது, ஒன்றை முடிவு செய்வது, முடிவு செய்தது நடந்ததா என்று கவனிப்பது. முடிவு செய்வதைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே செய்கிறார்கள். முதல் வேலையும் கடைசி வேலையும் மட்டும் பெண்கள் தலையில் அதிகமாக விழுகின்றன. முன்னே யோசிப்பது, பின்னே கவனிப்பது. இரண்டுமே யார் கண்ணிலும் படாதவை. நீங்கள் காகிதத்தில் எழுதி ஒட்டியது முதல் வேலை. நாலாவதை ஒட்ட முடியாது, அதனால் அதைப் பையில் போட்டு உங்களோடு எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

நானும் அப்படித்தான் போவேன். சில வருடம் முன்பு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். முதல் நாள் சாயங்காலமே வீட்டிலிருந்து ஃபோன். தெர்மாமீட்டர் எங்கே? நான் ஆரம்பித்தேன். ‘இரண்டாவது அலமாரி, மேல் தட்டு, நீல டப்பா, அதுக்குள்ளே சின்னதா இன்னொரு டப்பா, இல்லை அது இல்லை, பக்கத்துல...’ எதிரே தலை வாரிக்கொண்டிருந்த தோழி சீப்பை நிறுத்தாமலே, மறுமுனைக்குக் கேட்கிற மாதிரி, ‘கேக்கறவருக்குக் கண்ணு இருக்குல்ல?’ என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்தப் பக்கம் சிரிப்பு. மிச்ச இரண்டு நாளும் ஃபோன் வரவில்லை. திரும்பிப் போனால் வீட்டில் புதிதாக ஒரு தெர்மாமீட்டர். தேடவே இல்லை, வாங்கிவிட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

இதை நானே வீட்டில் சொல்லியிருந்தால் அது சண்டை. அவள் சொன்னதால் சிரிப்பாகப் போயிற்று. அவளுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்றுதான் அடிக்கடி யோசிப்பேன்.

குறளில் நட்புக்கு ஓர் அதிகாரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சற்றுத் தள்ளி ‘பழைமை’ என்று இன்னோர் அதிகாரம் இருக்கிறது. அது முழுக்கப் பழைய நட்பைப் பற்றியது. அதில் ‘கெழுதகைமை’ என்று ஒரு சொல் வரும். நண்பர் கேட்காமலே உரிமை எடுத்துக்கொள்வது என்று பொருள். அப்படி எடுத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொள்ள முடியாவிட்டால் இத்தனை நாள் பழகி என்ன பயன் என்று கேட்கிறது அந்தக் குறள்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. இன்னொரு தோழி, எதையோ தேடி, கேட்காமல் கொள்ளாமல் என் பையைத் திறந்தாள். உள்ளே ரத்த அழுத்த மாத்திரை அட்டை. ‘இது எப்போதிலிருந்து?’ என்றாள். ஆறு மாதமாக என்றேன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற அற்பக் காரணம்தான். கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. நடுவில் நான் விட்டுவிட்ட நாட்களையும் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து தினம் காலையில் அவளிடமிருந்து ஒற்றைச் சொல் வரும். ‘போட்டாச்சா?’ சில நாள் எரிச்சலாக இருக்கும். அந்தப் பயணத்தின் ஓய்வு ஒரு வாரத்தில் போய்விட்டது. ‘போட்டாச்சா’ மட்டும் இன்று காலையும் வந்தது.

அந்த மூன்று நாளை ஓய்வென்று நினைத்துக்கொண்டு போனதால்தான் உங்களுக்கு ஏமாற்றம். ஓய்வுதான் வேண்டும் என்றால் வீட்டில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு நாள் தூங்கலாம், அது இதைவிட நன்றாகவே வேலை செய்யும். தோழிகளோடு போவது வேறு காரியம். அது நட்புக்கு நேரம் போடுவது.

நேரம் என்று சும்மா சொல்லவில்லை. ஜெஃப்ரி ஹால் என்ற தகவல்தொடர்பியல் பேராசிரியர், ஒருவர் நமக்குத் தோழராக எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்தார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அதிலும் வேலை செய்யும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. சும்மா சேர்ந்து இருந்த நேரம்தான் கணக்கில் சேர்கிறது. விடுதி அறையில் இந்த 200 மணி நேரத்தை நீங்கள் இரண்டே மாதத்தில் கடந்திருப்பீர்கள். இப்போது 47 வயதில் புதிதாக ஒருத்தருக்கு 200 மணி நேரம் எங்கிருந்து எடுப்பீர்கள்? என்னால் முடியாது.

இது நட்பு உருவாகிற கணக்கு. உருவான நட்பு அப்படியே இருப்பதற்கு ஒரு கணக்கு நானே போட்டுப் பார்த்தேன், ஆய்வெல்லாம் இல்லை. மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஃபோனில் பேசினால் வருடத்துக்கு ஆறு மணி நேரம். மூன்று நாள் சேர்ந்திருந்தால், தூக்கம் போக, நாற்பத்தைந்து மணி நேரம் தேறும். ஏழு வருடத்து ஃபோன் பேச்சுக்கு மேல் மூன்றே நாளில். நீங்கள் பாதியில் தூங்கியதைக் கழித்தாலும் நஷ்டமில்லை.

தூங்கிப்போனதற்கு வருத்தப்படவும் வேண்டாம், ஒருவேளை அது உடம்பின் புத்திசாலித்தனம். அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002-ல் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்து ஒன்றைக் கவனித்தார். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசி, கிளறி, அதிலேயே ஊறிக்கிடப்பது தோழிகளுக்குள் நெருக்கத்தைக் கூட்டுகிறது. அதே பேச்சு மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே வருகிறது. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம். நடுவயதில் இந்தப் பழக்கம் விட்டுப்போகும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நாங்களும் இதில் மாட்டியிருக்கிறோம். விடிய விடியப் பேசிவிட்டு, கண் வீங்கி, மறுநாள் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. இப்போது நாங்கள் செய்வது, பெரிய விஷயங்களை நடக்கும்போது பேசுவது. காலாற நடந்துகொண்டே பேசினால் முகம் பார்க்க வேண்டியதில்லை, பாதை முடிந்தால் பேச்சும் முடிகிறது. ராத்திரிக்குச் சீட்டாட்டம், பழைய வம்பு, அரட்டை. சட்டம் ஒன்றும் போடவில்லை, பழகிவிட்டது.

நடப்பதைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2008-ல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு. மேட்டின் அடிவாரத்தில் நின்று அதன் சரிவை மதிப்பிடச் சொன்னார்கள். நண்பரோடு நின்றவர்களுக்கு, தனியாக நின்றவர்களைவிட மேடு சற்றுக் குறைவான செங்குத்தாகத் தெரிந்தது. நட்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவு. சில பத்துப் பேரை வைத்துச் செய்தது, இதன் மேல் கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் முழங்கால் வலியோடு படி ஏறும் எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தி, ‘அப்போ இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்’ என்றாள்.

அதே சமயம் ‘தோழிகளோடு ஊர் சுற்றினால் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், ஆயுள் கூடும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அதன் மூலம் பெரும்பாலும் ஷெல்லி டெய்லரும் மற்றவர்களும் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரை. அவர்கள் சுட்டிக்காட்டியது முக்கியமான விஷயம். நெருக்கடி வந்தால் உடம்பு சண்டைக்கு நிற்கும் அல்லது ஓடும் என்று சொன்ன சோதனைகளில், 1995-க்கு முன்பு, பெண்கள் சுமார் 17 சதவீதம் பேர்தான். பெண்கள் நெருக்கடியில் பிள்ளைகளைப் பேணவும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளவும் முனைகிறார்கள், அதில் ஆக்சிடோசினுக்குப் பங்கு இருக்கலாம் என்று ஒரு கருதுகோளை வைத்தார்கள். அந்தக் கட்டுரையில் யாரும் சுற்றுலா போகவில்லை.

சரி, அந்தக் குறைசொல்லித் தோழி. இன்று முதல் முறையாகச் சந்தித்திருந்தால் அவளோடு பழகியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. என் ஐந்து பேரில் இரண்டு பேரை நானும் இன்று தேர்ந்தெடுக்க மாட்டேன். அவர்களும் என்னைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், அதை என் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறார்கள். குறை சொல்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டிலும் அலுவலகத்திலும் வாய் திறக்க வழியில்லாமல், திறந்தாலும் ஆபத்தில்லாத இடத்தில் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். தலையணை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்பதெல்லாம் அந்த ரகம். உங்களை மட்டம் தட்டுகிறாள், உங்கள் பிள்ளைகளைச் சொல்லிக் குத்துகிறாள் என்றால் அது வேறு. பழைய நட்பு என்பதற்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் அவள் உங்களைச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. நாலு பேர் ஒரே அறையில் இருந்ததில்தான் எரிச்சல் கூடியிருக்குமோ என்று சந்தேகம். அடுத்த முறை இரண்டு அறை எடுங்கள். பத்தொன்பது வயதில் முடிந்தது இப்போது முடியாது, குறட்டை என்று ஒன்று வந்துவிட்டதே.

போகட்டுமா என்று கேட்டால், போங்கள். தூரம் முக்கியமில்லை, பணம் குறைவென்றால் நாலில் ஒருத்தி வீடு காலியாக இருக்கிற இரண்டு நாள்கூடப் போதும். கிளம்புவதற்கு முன்னால் காகிதம் மட்டும் ஒட்டாதீர்கள். ஒட்டாமல் இருக்க முடியாது என்றால் மருந்துக்கு மட்டும் ஒட்டுங்கள். பில் ஒன்று தவறினால் தவறட்டும்.

திருட்டுத்தனம் மாதிரி இருந்தது என்றீர்களே, அது முதல் இரண்டு மூன்று தடவை இருக்கும். எனக்கு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் இருந்தவர்கள் நான் இல்லாத நாட்களைப் பற்றி அவர்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள், எனக்கு அது புரியவில்லை. அன்றைக்குத்தான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தேதி முடிவானதும் அந்தக் குறைசொல்லித் தோழிக்கு நீங்களே ஃபோன் செய்து சொல்லுங்கள். குழுவில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். தேதியையும் குறை சொல்வாள்.

அன்புடன்