காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்வது எப்படி?

அன்புள்ள ஐயா,

இரண்டின் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1903-இல் நியூயார்க்கில் கணிதர் ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் இரு காரணிகளையும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார் என்றீர்கள். அது பகா எண் அல்ல என்பது 1876-லேயே தெரியும் என்றும் சொல்கிறீர்கள். ஒரு காரணிகூடக் கையில் இல்லாமல் அதை எப்படி உறுதியாகச் சொன்னார்கள்?

- மு.

அன்புள்ள மு.,

அந்தக் கதையின் உயிர்நாடியையே தொட்டுவிட்டீர்கள். கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் பெருக்கிவிட்டுப் போய் அமர்ந்தார், அரங்கமே கைதட்டியது என்பார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய வியப்பு 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார்ட் லூக்காஸ் செய்தது.

அவர் வழியைப் பின்னாளில் அமெரிக்கக் கணிதர் லேமர் சீராக்கித் தந்த வடிவில் சொல்கிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 127 என்பது இரண்டின் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது 5 முறை, இதையே செய்ய வேண்டும். 14, 67, 42, 111, 0. கடைசியில் சுழி வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருக்கும்போதெல்லாம் இது பொய்க்காது.

இப்போது 11-ஆம் அடுக்கு. 2047-ஐ வைத்து 9 முறை செய்தால் 1736 மிஞ்சும். ஆகவே 2047 பகு எண். அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது. ஆனால் அந்த 1736-ஐ எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் 23-உம் தெரியாது, 89-உம் தெரியாது. உடையும் என்று மட்டும் சொல்லும். எங்கே உடையும் என்று சொல்லாது.

67-க்கு இதே வேலை 65 முறை. 21 இலக்க எண்ணோடு கையால் மல்லுக்கட்டுவது கடினம்தான், ஆனால் முடிவுள்ள வேலை. காரணி தேடுவது அப்படியல்ல. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அந்தச் சலுகை இருந்தும், சிறிய காரணியான 19,37,07,721 வருவது 14,45,580-ஆவது மடங்கில். மற்றது 7,61,83,82,57,287. இரண்டையும் பெருக்கினால் 14,75,73,95,25,89,67,64,12,927. ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் இரண்டும் மீதியின்றி வகுபடும். ஒருமுறை செய்து பாருங்கள், அந்த மகிழ்ச்சியைச் சொல்லில் தர என்னால் முடியாது.

1644-இல் இந்த எண்ணைப் பகா எண் பட்டியலில் சேர்த்தவர் பாரிஸ் துறவி மெர்சென். அதை மறுக்க 232 ஆண்டுகள், உடைக்க மேலும் 27 ஆண்டுகள்.

இரண்டின் 1277-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் இன்றும் அதே நிலையில்தான் இருக்கிறது. 385 இலக்கங்கள், பகு எண் என்பதில் ஐயமே இல்லை. அதன் ஒரு காரணியைக்கூட இதுவரை எவரும் கண்டதில்லை.