அந்தி வேட்டைக்கு எந்தப் பைனாகுலர்?

கேள்வி: ஜெர்மனியின் பவேரியாவில் வசிக்கும் நான், அண்மையில் வேட்டை உரிமத் தேர்வில் தேறினேன். வயது 48, கண்ணாடி அணிபவன். 8×42, 10×42, 8×56 ஆகியவற்றுள் எந்தப் பைனாகுலரை வாங்கலாம்?

பதில்: முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் முன்புற லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×56க்கு 7 மி.மீ., 8×42க்கு 5.25, 10×42க்கு 4.2. அங்கே மான்களும் காட்டுப்பன்றிகளும் பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும் வெளிவருவதால், மரப்பரணில் காத்திருக்கும் வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாக 8×56ஐயே விரும்பி வந்துள்ளனர். ஆனால் இருளில் 7 மி.மீ. வரை விரிவது இளையோரின் கண்மணி. ஐம்பதை நெருங்கும் பலருக்கு அது 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுவதால், எஞ்சிய ஒளி வீணாகி, ஒரு கிலோவைத் தாண்டும் எடை மட்டுமே கழுத்தில் தொங்கும். ஆகவே, உங்களுக்கு 8×42 போதும் என்பதே என் கருத்து. ஆல்ப்ஸ் சரிவுகளில் பகலில் தேடுவதானால் 10×42 உதவும். எனினும் கைநடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும்.

கண்ணாடி அணிபவர் என்பதால், கண்ணுக்கும் பின்புற லென்ஸுக்கும் இடையே குறைந்தது 16 மி.மீ. இடைவெளி தரும் கருவியாகப் பாருங்கள். உள்ளே பனிபடியாதிருக்க நைட்ரஜன் நிரப்பப்பட்டிருப்பதும் அவசியம். கடையின் பளிச்சென்ற விளக்கொளியில் எல்லாக் கருவிகளும் நன்றாகவே தெரியும்; அந்தி மங்கும் வேளையில் வாசலுக்கு எடுத்து வந்து பார்த்தபின் பணம் கொடுங்கள்.