அடையாள அட்டைப் பிரதியை வைத்து வேறொருவர் கடன் எடுத்தால் என்ன தண்டனை?

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 402ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஏமாற்றிப் பணமோ பொருளோ கைமாறியிருந்தால் 403ஆம் பிரிவு. அதில் 7 வருடம் வரை போகலாம். பொலிஸ் முறைப்பாட்டில் "அட்டையைக் களவெடுத்தார்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதுதான் வழமையான பிழை. எந்த நிறுவனம், எவ்வளவு தொகை, எந்தத் திகதி, கையொப்பம் யாருடையது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

முறைப்பாட்டுப் பிரதியோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் மறுப்புக் கடிதம் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது. யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் (CRIB) அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், வேறு கடனும் இருக்கலாம். இனிமேல் போட்டோ பிரதி கொடுத்தால், எதற்குக் கொடுத்தது என்பதையும் திகதியையும் அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள்.