கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

கேள்வி: அக்கா, எங்க ஆயாவுக்கு 88 வயது. எங்க குப்பத்தில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். கைமருந்து பற்றிக் கேட்டால், "வெளியே சொன்னா பலிக்காது" என்று வாயை மூடிக்கொள்கிறார். அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டி நிறையக் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, போட்டோ, பழைய ரேஷன் கார்டு. பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்கிறார்கள் வீட்டில். போடலாமா?
- வாசகி, எண்ணூர்

பதில்: போட்டுவிடாதே, தங்கச்சி. இன்று ராத்திரியே அந்தப் பெட்டியைத் தூக்கி நாலு செங்கல் மேல் வை.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மொஹீகன் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். 1899-ல் அங்கே பிறந்தவர் கிளாடிஸ் டான்டக்விட்ஜன். ஐந்து வயதிலேயே ஊர்க் கிழவிகள் அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்ச் செடிகொடிகளைக் காட்டிப் பழக்கினார்கள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. ஆனாலும் 1919-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போய் மானுடவியல் படித்தார். டெலவேர் பூர்வகுடிகளின் மருத்துவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1942-ல் வந்தது. அப்பா, தம்பியோடு சேர்ந்து 1931-ல் ஊரிலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். அந்த மக்களுக்கு அவர்தான் வைத்தியச்சி.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தவை. இன்னார் வீட்டில் குழந்தை பிறந்தது, இன்னாருக்குக் கல்யாணம், இன்னார் படித்து முடித்தார், இன்னார் காலமானார் என்று ஊர்க்காரர்களைப் பற்றிய கடிதங்களையும் குறிப்புகளையும் டப்பா டப்பாவாகப் போட்டு வைத்திருந்தார். தங்களை ஒரு பழங்குடியாக ஏற்கும்படி மொஹீகன் மக்கள் அமெரிக்க அரசிடம் கேட்டபோது, 1989-ல் வந்த முதற்கட்ட முடிவு பாதகமாக இருந்தது. நீங்கள் இன்றுவரை ஒரே சமூகமாக வாழ்ந்து வருவதற்குச் சாட்சி போதவில்லை என்றார்கள். கிழவியின் டப்பாக்கள் அப்போதுதான் வெளியே வந்தன. 1994-ல் அங்கீகாரம் கிடைத்தது. அன்றைக்கு அவருக்கு 94 வயது. 2005 வரை, 106 வயது வாழ்ந்தார்.

கவனித்தாயா? அங்கே மூலிகை ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருவர் போய் நின்றார்களா என்றுதான் கேட்டார்கள். உங்கள் ஆயாவின் கருமாதிப் பத்திரிகையில் கீழே வரிசையாக அச்சடித்திருக்கிறதே, மகன், மருமகள், பேரன், பங்காளி என்று! அதே சாட்சிதான் அது. குப்பத்தின் பழைய ஆட்கள் யார், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் சம்பந்தம் என்று நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட வேறென்ன இருக்கிறது?

என் அம்மா ராயபுரத்தில் கைக்குழந்தைகளுக்கு உரைமருந்து உரைத்துக் கொடுத்தவர். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். வந்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2015 மழை வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டில் இருந்த அந்த நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. மொட்டைமாடியில் காயவைத்துப் பார்த்தேன். ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு முதலில் செங்கல்லைச் சொன்னேன்.

மருந்தைச் சொல்லச் சொல்லி ஆயாவை நச்சரிக்காதே. அவர் குருவுக்குக் கொடுத்த வாக்காக இருக்கலாம். போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார். இது யார், எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் லேசாக எழுது. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை பரவிவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க நாலு துண்டு வசம்பு போட்டு வை. போனில் எல்லாவற்றையும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடு.

ஆயாவுக்கே பிரசவம் பார்த்தது யார் என்று ஒரு நாள் கேட்டுப் பார். அந்தப் பெயரை எனக்கும் எழுதி அனுப்பு.