மோட்டார் இரண்டு, குலுக்கல் எத்தனை?

கேள்வி: பிஒய்டி சீல் மின்சாரக் கார் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. பிரீமியமா, இரண்டு மோட்டார் வைத்த பெர்ஃபார்மன்ஸா என்பதில்தான் வீட்டில் சண்டை. மகனுக்கு வேகம் வேண்டும். என் மனைவிக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை, எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவார். மாதம் இரண்டு முறை சென்னை போய் வருகிறோம். கனமான வண்டி குலுங்காது என்கிறார் ஷோரூமில் ஒருவர். இரண்டு மோட்டார் என்றால் சஸ்பென்ஷன் கல் மாதிரி இருக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். யார் சொல்வது சரி?
(வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டு பேரும் பாதி பாதி சரி. காலி லாரி பள்ளத்தில் குதிக்கும், லோடு ஏற்றிய அதே லாரி அசைந்து அசைந்து போகும், பார்த்திருப்பீர்கள். ஷோரூம்காரர் அதைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார். ஆனால் லாரியில் ஸ்பிரிங் பட்டை மாறுவதில்லை, எடை மட்டும்தான் கூடுகிறது. காரில் எடை கூடினால் கம்பெனி ஸ்பிரிங்கையும் கூடவே கெட்டியாக்கிவிடும், இல்லையென்றால் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் எடை கொடுத்த மெத்தென்ற சுகத்தை ஸ்பிரிங் திருப்பி எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சீலின் மூன்று வேரியன்ட்டுக்கும் எடைக் கணக்கு இப்படி: டைனமிக் 1,922 கிலோ, பிரீமியம் 2,055, பெர்ஃபார்மன்ஸ் 2,185. பிரீமியத்துக்கும் பெர்ஃபார்மன்ஸுக்கும் ஒரே 82.56 கிலோவாட் ஹவர் பேட்டரிதான், ஆகவே அந்த 130 கிலோவில் பெரும்பகுதி முன் மோட்டாரும் அதோடு வரும் சாமான்களும். முன்னால் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையைத் தாங்க முன்பக்கம்தான் கூடுதலாகக் கெட்டியாக வேண்டும். பின் சீட்டில் இருப்பவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது. மோட்டார் சக்கரத்துக்குள் இல்லை, சப்ஃபிரேமில் (வண்டியின் அடியில் இருக்கும் சட்டம்) இருக்கிறது, அதாவது ஸ்பிரிங்குக்கு மேலே. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடைதான் குலுக்கலுக்கு எதிரி, அதில் இந்த மோட்டார் சேராது.

உண்மையான வித்தியாசம் ஷாக் அப்சார்பரில். 2025 மாடலில் மூன்று வேரியன்ட்டுக்கும் மூன்று விதம். டைனமிக்கில் சாதாரண ஷாக். பிரீமியத்தில் அதிர்வின் வேகத்துக்கு ஏற்ப மாறும் ஷாக். வண்டி மெதுவாக மேலே எழுந்து கீழே இறங்கும்போது (வேகத்தடை, மேம்பாலத்தின் ஏற்ற இறக்கம்) உள்ளே எண்ணெய் போக ஒரே வழிதான், அதனால் இறுக்கிப் பிடிக்கும். பெயர்ந்த தார், மஞ்சள் பட்டைக் கோடுகள் மாதிரி சின்னச் சின்னதாய் வேகமாய் வரும் அதிர்வுக்கு இன்னொரு சின்ன வழி திறந்தே இருக்கும், எண்ணெய் சுலபமாக ஓடிவிடும், ஷாக் மெத்தென்று ஆகிவிடும். இதில் கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, வால்வுதான். பெர்ஃபார்மன்ஸில் இருப்பது டைசஸ்-சி, சென்சார் பார்த்துச் சொல்ல வால்வு மாறும். மெக்கானிக் சொன்ன கல், இப்படிப்பட்ட ஷாக் இல்லாமல் வேகத்துக்காகவே இறுக்கிய வண்டிகளுக்குப் பொருந்தும், இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆக, காகிதத்தில் பெர்ஃபார்மன்ஸுக்கே முதல் மார்க்.

ஆனாலும் நான் பிரீமியத்தைத்தான் சொல்வேன். பெர்ஃபார்மன்ஸ் 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் தொடும். அதை மகன் கையில் கொடுத்துவிட்டு அம்மா முதுகுக்கு நல்ல ஷாக் இருக்கிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. பிரீமியத்துக்கு 5.9 விநாடி, அதுவே எந்த வீட்டுக்கும் அதிகம்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. சீல் தாழ்வான செடான். டிஸ்க் உள்ளவர்களுக்கு ஓடும்போது வரும் குலுக்கலைவிடக் குனிந்து ஏறி, முட்டியை ஊன்றி இறங்குவதுதான் பெரிய சோதனை. மனைவியை ஷோரூமுக்குக் கூட்டிப் போய்ப் பின் கதவில் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை முகம் சுளித்தால் வேரியன்ட் சண்டைக்கே வேலை இல்லை, உயரமான வண்டி பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் காட்டும் ரோட்டில் போகாதீர்கள். நான் எப்போதும் பின் சீட்டில் உட்கார்ந்து, போனில் நாலு வரி மெசேஜ் தட்டிப் பார்ப்பேன், 40 கிலோமீட்டர் வேகத்தில், மோசமான ரோட்டில். எத்தனை எழுத்து தப்பாக விழுகிறதோ அதுதான் என் அளவுகோல். மனித உடம்புக்கு மேலும் கீழுமாக வரும் அதிர்வில் விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை வருவதுதான் அதிகம் உறைக்கும், கை தடுமாறுவதும் அதில்தான்.

கேள்வி: சீல் டைனமிக்கில் 18 இன்ச் வீல், மற்றதில் 19. ஒரு இன்ச்சில் அப்படி என்ன வந்துவிடும்?
(வாசகர், திருச்சி)

பதில்: 225/50 ஆர்18 என்றால் டயரின் பக்கச் சுவர் 112.5 மில்லிமீட்டர். 235/45 ஆர்19 என்றால் 105.75. ஏழு மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. மெத்தென்று இருப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது அந்த ஏழு ரிம்மைக் காப்பாற்றலாம். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் என்றால் நான் டைனமிக்கைக் குறைவாக நினைக்க மாட்டேன், எடையும் அதில்தான் குறைவு.

கேள்வி: நெக்ஸான் ஈவி வைத்திருக்கிறேன். ஹாரியர் ஈவிக்கு மாறினால் பின் சீட் சுகமாக இருக்குமா? கியூடபிள்யூடி (நாலு சக்கரமும் இழுக்கும் இரண்டு மோட்டார் வேரியன்ட்) எடுத்தால்தான் அந்தச் சுகம் கிடைக்குமா?
(வாசகர், தேனி)

பதில்: சுகத்துக்காகக் கியூடபிள்யூடி வேண்டாம். நெக்ஸானில் மோட்டார் முன்னால், பின்னால் ட்விஸ்ட் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே உத்தரம் இணைக்கிறது. இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலதுக்கும் சேதி போகும். டீசல் ஹாரியரிலும் பின்னால் ட்விஸ்ட் பீம்தான். ஈவியில் பின்னால் மோட்டார் வைக்க இடம் வேண்டும், அதனால் மல்டி லிங்க் வந்தது, ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும். இது பின் சக்கர டிரைவ் வேரியன்ட்டிலேயே கிடைத்துவிடுகிறது. முன்னால் இரண்டாவது மோட்டார் வருவது தோட்டத்துச் சேற்றில் உதவும். மல்டி லிங்கில் புஷ்கள் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்கள்) அதிகம், வண்டி பழசாகும்போது அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பெட்ரோல் காரில் கொல்லிமலை ஏறும்போது வாந்தி எடுக்காத குழந்தைகள் புது மின்சாரக் காரில் பத்து வளைவுக்குள் எடுக்கிறார்கள். சஸ்பென்ஷன் கோளாறா?
(வாசகி, நாமக்கல்)

பதில்: இருக்காது. உங்கள் வலது காலைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் பிரேக் பிடிப்பதால் (இதைத்தான் ரீஜென் என்பார்கள்), 70 கொண்டை ஊசி வளைவுக்கும் குழந்தைகளின் தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. இப்படி மெதுவாக வரும் ஆட்டம்தான் குமட்டலைக் கிளப்பும். இன்ஜின் சத்தம் இல்லாததால் எப்போது இழுக்கும், எப்போது நிற்கும் என்று அவர்களால் முன்கூட்டி உணரவும் முடியாது. ஏறும்போது ரீஜெனைக் குறைத்து வையுங்கள். இறங்கும்போது அது தேவை, ஆனால் காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்ல விடுங்கள்.

கேள்வி: காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்று டயர் கடையில் சொல்லி, குறைத்தும் விட்டார்கள். நிஜமாகவே மெத்தென்று இருக்கிறது. அப்படியே விடலாமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: வேண்டாம். பேட்டரி வண்டி கனம், காற்று குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், நம் ஊர் மே மாத நான்குவழிச் சாலையில் அது வெடிக்கவும் கூடும். ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். ஓட்டுநர் பக்கக் கதவு இடுக்கில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள், காலையில் வண்டியை எடுக்கும் முன்பு, டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவுக்குப் பிடியுங்கள். அதற்குப் பிறகும் தூக்கிப் போட்டால் டயர் மாற்றும் நேரத்தில் கொஞ்சம் மெத்தென்ற ரகமாகப் பாருங்கள், சுமை எண் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) மட்டும் பழையதைவிடக் குறையக் கூடாது.