ஒரே தகடு, ஒரு கத்தி மட்டும் முறிவது ஏன்?

கேள்வி: லொறியின் பழைய ஸ்பிரிங் தகட்டில் கத்தி அடித்து விற்கிறோம். ஒரே தகட்டில் வெட்டியெடுத்தவற்றுள்ளும் சில, கட்டையில் ஓங்கிப் போட்டதும் முறிந்துவிடுகின்றன. முறிந்த இடம் சீனியைப் போல மினுங்குகிறது. இரும்பு ஒன்றாயிருக்க இந்த வேறுபாடு எதனால்?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அந்த மினுக்கம், உருக்கின் மணிகள் பருத்துவிட்டதைக் காட்டுகிறது. எந்த உலோகத் துண்டும் நுண்ணிய பளிங்கு மணிகள் நெருங்கிப் பொருந்தி ஆனது. ஒரு மணிக்குள் அணுக்கள் ஒரே திசையில் வரிசைப்பட்டிருக்க, அடுத்த மணியில் அவ்வரிசை வேறு திசைக்குத் திரும்பியிருக்கும். அணுவரிசைகளில் உள்ள குறைகள் மணிக்குள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. மணியின் எல்லையில் அவை தடைப்பட்டு நிற்கின்றன. மணிகள் சிறுத்தால் தடைகள் பெருகும். வளைக்கக் கூடுதல் விசை வேண்டும். 1951இல் ஹோல், 1953இல் பெட்ச் ஆகிய ஆய்வாளர்கள் இத்தொடர்பை அளவாகவே காட்டினர்: மணியின் விட்டம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், எல்லைகளால் கிடைக்கும் வலிமை இருமடங்காகும்.

உருக்கை வலுப்படுத்தும் வழிகள் பெரும்பாலும் அதை எளிதில் முறியச் செய்பவை. மணியைச் சிறிதாக்குவதோ வலிமையையும் முறிவைத் தாங்கும் இயல்பையும் ஒருங்கே தருகிறது. வெடிப்பும் ஒவ்வோர் எல்லையிலும் திசைமாறிச் செல்ல வேண்டியிருப்பதே காரணம். செலவில்லாத இந்த நன்மையை எந்தப் பட்டறையும் இழக்கக் கூடாது.

தகடு மஞ்சளாகும்வரை துருத்தி ஊதி, அந்தச் சூட்டிலேயே விட்டுவைத்தால், பெரிய மணிகள் சிறியவற்றை விழுங்கி வளரும். ஆகவே, அடித்து முடித்த கத்தியை, காந்தம் ஒட்டாமற்போகும் செந்நிறத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ்வரை சூடாக்கி, காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று தடவை செய்தால், ஒவ்வொரு தடவையும் அணுக்கள் புதிதாக அடுக்கப்பட்டுச் சிறிய மணிகள் பிறக்கும். சூட்டின் நிறத்தை நிழலில் நின்று பாருங்கள். நமது பகல் வெயிலில் செம்மஞ்சளும் மங்கிய சிவப்பாகத் தெரிவதால், அறியாமலே சூடு மிஞ்சிவிடும்.

மணிகள் சிறிதாயிருந்தும் கத்தி முறியுமானால், எண்ணெயில் தோய்த்தபின் மீளச் சூடாக்காமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தோய்த்த கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மேற்பரப்பில் வைக்கோல் மஞ்சள் படரும்வரை, அதாவது 200 முதல் 230 பாகைவரை, மெதுவாகச் சூடாக்கி எடுப்பது அவசியம்.