கத்திரி வெயில்ல கத்திரிப் பூ கொட்டுது, டானிக் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம், எங்க ஊரு காட்பாடி. மொட்டை மாடியில பன்னெண்டு க்ரோ பேக்ல கத்திரி வச்சிருக்கேன், மார்கழில நட்டது. பங்குனி வரைக்கும் நல்லா காய்ச்சுது. சித்திரை பொறந்ததுல இருந்து பூ மட்டும் பூக்குது, பிஞ்சு நிக்கவே மாட்டேங்குது. மத்தியானம் செடி தொவண்டு போகுதுன்னு மூணு வேளையும் தண்ணி ஊத்துறேன், மீன் கழிவும் வெல்லமும் ஊற வச்ச மீன் அமிலம் வாரம் ரெண்டு தடவ குடுக்குறேன். கடையில ஒரு பூ டானிக் சொல்றாங்க, வாங்கவா? தப்பிச்சு வந்த ஒண்ணு ரெண்டு காயும் கசக்குது. ஒரு செடியில மட்டும் இலையெல்லாம் துளசி இலை சைஸ்ல கொத்துக் கொத்தா வருது, அது என்ன?

பதில்: வணக்கம்மா. டானிக் காச பத்திரமா வைங்க, மொதல்ல பூவப் பாருங்க. நாளைக்கு காலைல ஒரு பத்து பூவ நிமுத்திப் பாருங்க, நடுவுல மஞ்சளா குட்டி வாழைப்பழ சீப்பு மாதிரி சுத்தி நிக்குதே அது மகரந்தப் பை, அதுக்கு நடுவுல இருந்து பச்சையா ஒரு முனை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்படி நீட்டின பூ காயாகும், மஞ்சளுக்கு சமமா இருந்தா ஆனாலும் ஆகும், உள்ளயே புதைஞ்சு கண்ணுக்கே தெரியலன்னா அந்தப் பூ கொட்டத்தான் போகுது. கத்திரில எப்பவுமே இந்த ரகம் ரகமான பூ கலந்துதான் வரும், செடி களைச்சுப் போனாலும் வெயில் ஏறினாலும் உள்ள புதைஞ்ச பூ ஜாஸ்தியாயிடும். அது போக 35 டிகிரிக்கு மேல போகப் போக மகரந்தமும் கெட்டுப்போகுது, நம்ம வேலூர்ப் பக்கம் மே மாசம் 40 தாண்டுறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கத்திரி வெயிலுக்கும் கத்திரிக்காய்க்கும் பேருல மட்டும்தான் பொருத்தம் :) பூ உதிர்றத நிறுத்துற ஹார்மோன் மருந்து இருக்கறது உண்மைதான், ஆனா அளவு கொஞ்சம் கூடினா இருக்கற பூவும் சேர்ந்து போயிடும், பன்னெண்டு தொட்டிக்கு அந்த ரிஸ்க் எதுக்கு.

நீட்டின பூ இருந்தும் கொட்டுதுன்னா மகரந்தம் சேரலன்னு அர்த்தம். கத்திரிப் பூவுல மகரந்தம் நுனியில இருக்கற சின்ன ஓட்டை வழியாத்தான் உதிரும், கருவண்டு வந்து உர்ருன்னு ஆட்டினா கொட்டும், மாடிக்கு அது வரலன்னா நீங்கதான் வண்டு. காலைல ஒரு ஒம்பது மணிக்குள்ள காம்புக்குப் பின்னாடி விரலால நாலு தட்டு தட்டுங்க, போதும்.

அடுத்து தண்ணி. மத்தியானம் தொவண்டு சாயந்திரம் தானா நிமிந்துடுச்சுன்னா அது தாகம் இல்ல, இலை வழியா போற தண்ணி வேகத்துக்கு வேர் குடுக்க முடியல அவ்ளோதான். விரல ரெண்டு இஞ்ச் மண்ணுல விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா ஊத்தாதீங்க. காலைல ஏழு மணிக்குள்ள அடியில வழியற வரைக்கும் ஒரு தடவ, ரொம்ப காஞ்சா சாயந்திரம் வெயில் எறங்கினப்புறம் பாதி. உச்சி வெயில்ல டேங்க்ல இருந்து வர்ற தண்ணி கைல பட்டாலே சுடும், அத வேருக்கு ஊத்துனா எப்படி இருக்கும்?

காலைலயே தொவண்டு கெடக்கு, மண்ணும் ஈரம்னா அது வேற கதை. அந்த மாதிரி செடி இருந்தா தண்டை அடியில வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணில முனைய தொட்ட மாதிரி நிறுத்துங்க, கொஞ்ச நேரத்துல பால் நூல் மாதிரி வெள்ளையா எறங்கினா பாக்டீரியா வாடல், செடியோட மண்ணையும் தள்ளிடணும். அந்த மண்ணுல தக்காளி, மிளகாய் கூட வேணாம், எல்லாம் ஒரே குடும்பம்.

ரெண்டு மணிக்கு க்ரோ பேக் பக்கவாட்டுல கை வச்சுப் பாத்திருக்கீங்களா? அங்க ஒட்டிக்கிட்டு இருக்கற வேர் வெந்துக்கிட்டு இருக்கும். பேக்க தளத்துல இருந்து செங்கல் மேல ஏத்துங்க, ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வைங்க, மேற்குப் பக்கம் பாக்குற பேக்குக்கு பழைய வெள்ளை சாக்க சுத்துங்க. மண்ணு மேல ரெண்டு விரக்கடை காஞ்ச சருகு. நிழல் வலை 50 சதம், அதாவது பாதி வெயில மறைக்குறது போதும், அதுவும் மேற்கு வெயிலத் தடுக்குற மாதிரி கட்டுங்க, காலை வெயில் படட்டும். நான் ஒரு வருஷம் 75 சதம் வலைய மாடி முழுக்க கட்டிட்டு பெருமையா இருந்தேன், செடி கொத்தவரங்கா மாதிரி நெட்டையா போச்சு, பூவே இல்ல.

மீன் அமிலத்த இப்ப நிறுத்துங்க. அதுல தழைச்சத்து ஜாஸ்தி, இலை கருகருன்னு வரும், பூ நிக்காது. கசப்புக்கு வர்றேன், அது பாதி சூடு பாதி நீங்க லேட்டா பறிச்சது. பெருசாகட்டும்னு காத்திருக்காதீங்க, தோல் மினுமினுன்னு இருக்கும்போதே பறிச்சிடணும், மினுப்பு போய் மங்கிடுச்சுன்னா உள்ள விதை முத்திருக்கும்.

அக்னி நட்சத்திரம் முடியட்டும், மே கடைசில எல்லாச் செடியையும் பேக் மண்ணுல இருந்து ஒண்ணரை சாண் விட்டு கவாத்து பண்ணிடுங்க. மொட்டையா வெட்டிடாதீங்க, நாலஞ்சு இலை இருக்கணும். மேல்மண்ண கிளறி ரெண்டு கை தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போட்டு விடுங்க. நம்மூர்ல ஜூன்ல சாயந்திரம் இடி மழை ரெண்டு விழுந்தா போதும், துளிர்த்து ஆடில திரும்ப காய்க்கும். அந்தத் துளிருக்குத்தான் தண்டுத் துளைப்பான் வரும். நுனி மட்டும் தலை தொங்கினா கொஞ்சம் கீழ கிள்ளி பிளந்து பாருங்க, ரோஸ் கலர்ல புழு இருக்கும், நசுக்கிட்டுப் போங்க. மருந்தடிச்சா உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது.

புதுசாவும் நாலு நாத்து போடுறதுன்னா ஆடிப் பட்டத்துக்கு நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரி விதை கேட்டு வாங்குங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கினது, பக்கத்துலயே வச்சிக்கிட்டு கண்ட ஹைப்ரிட் பாக்கெட்ட ஏன் வாங்கணும். பறிக்கும்போது காம்பு முள்ளு கைல ஏறும், பாத்து.

அப்புறம் அந்த துளசி இலை செடி. அது சிற்றிலை நோய், தத்துப்பூச்சி ஒரு செடில இருந்து அடுத்ததுக்கு கொண்டு போய் விட்டுடும், வந்த செடி தேறாது, காயும் வராது. பாவம் பாக்காம இன்னிக்கே வேரோட பிடுங்கி கவர்ல கட்டி போட்டுடுங்க, மீதி பதினொண்ணுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கலந்து இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி சாயந்திரமா அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகிடும்.